நாரையின் கைப்பிடிகள்

2025 ஜனவரி 6, திங்கள்

தேதி மேலே இருக்கிறது. என் வயது எழுபத்தேழு ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள். தினமும் காலையில் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதிவைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு முழுப் பக்கத்தில் இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆகவே மற்றதையும் எழுதுகிறேன். 138/84.

காலையில் சாருமதி வந்தாள். என் தம்பி நல்லசிவத்தின் மகள். அவன் இறந்தபின் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அவன் தொடங்கிய படகுப் பட்டறையை நடத்துகிறவள். காப்பியைக்கூட முடிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அத்தை, பெரிய கொட்டகையில நாரை அச்சு சும்மா கெடக்குது. மீன்பிடி போட்டுக்கு ஆர்டர் வந்து நிக்குது, எனக்கு வைக்க எடமில்ல."

"சும்மா கெடக்கல. காத்துக்கிட்டிருக்கு."

"இருபது வருஷமாவா?"

நாரை என்பது, கல்லூரியில் பேராசிரியராக இருந்த காலத்தில் நான் வரைந்த முப்பத்தோரு அடிப் பாய்மரப் படகு. கண்ணாடி இழைப் படகு. கரையோரமாக உலாத்திவிட்டு மாலையில் திரும்புகிற ரகமன்று, நாட்கணக்கில் கடலிலேயே தங்கிப் பயணம் செய்வதற்கானது. அச்சு என்றால், படகு அமர்ந்து எழுந்துபோன பள்ளம் போன்ற ஒரு பெரிய தொட்டி. அதன் உட்புறத்தில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சைப் பூசி, கண்ணாடி இழையையும் ரெசின் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டி, இறுகியபின் உரித்தெடுத்தால் படகின் உடல் கிடைக்கும். அந்த அச்சிலிருந்து இதுவரை பத்தொன்பது நாரைகள் பிறந்திருக்கின்றன. இருபது வருடமாக ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து ஜெரோம் மச்சாடோ என்ற ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் வருகிறாராம். பாய்மரப் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறார். மூன்று படகு வேண்டும். நல்லசிவம் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்த முதல் நாரையை ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வார். அவர் வாங்கினால் அச்சு பிழைக்கும். வாங்காவிட்டால் மாதக் கடைசியில் அதை அறுத்துப் போட்டுவிடப் போவதாகச் சாருமதி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த ஒரு குணமாவது மிஞ்சியிருக்கிறது.

ஜனவரி 8, புதன்

138/82.

தார்ப்பாயை உருவினோம். நல்லசிவம் போனபின் சேர்ந்த ஆறு வருடத் தூசுக்கு அடியில் நாரை அப்படியே நின்றது. சிலருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் தொண்டை அடைக்கும். எனக்குத் தும்மல் வந்தது.

பட்டறையின் மேஸ்திரி தேசிங்கு ஏணியைப் பிடித்துக்கொண்டான். அறுபது வயதைத் தாண்டியவன்; பத்தொன்பது நாரைக்கும் இழை ஒட்டியவன். நான் சிறிய சுத்தியலோடு மேல்தளத்தில் ஏறி, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். கெட்டியான இடம் 'டிக்' என்னும். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழியைச் சுற்றிலும் டிக். அறையின் கூரை முழுவதும் டிக். அணியத்துக்குப் போனேன், படகின் மூக்கு நுனியில், நங்கூரக் கயிறு கட்டும் கட்டைக்குப் பின்னால், 'தொப்'.

மறுபடி தட்டினேன். மறுபடி தொப்.

நாரையின் உடல் முழுக்க முழுக்கக் கண்ணாடி இழை. மேல்தளம் அப்படியன்று. மேலே ஓர் இழைத்தோல், கீழே ஓர் இழைத்தோல், நடுவில் பால்சா என்ற கனமற்ற மரத்துண்டுகள். கனம் மேலே ஏறினால் படகு தள்ளாடும் என்பதால் நான் எடுத்த முடிவு அது. பால்சாவுக்கு ஒரே எதிரி தண்ணீர். உள்ளே இறங்கிவிட்டால் மரம் ஊறி, சோறாகக் குழைந்து, இரண்டு தோலும் கழன்றுவிடும். என் முடிவு தவறென்று மச்சாடோ சொல்வதற்கு அந்த ஒரு 'தொப்' போதும்.

"பழைய போட்டும்மா, அப்பிடித்தான் இருக்கும்" என்றான் தேசிங்கு.

"நானுந்தான் பழசு. என் மண்டையில தட்டிப் பாரு, தொப்புன்னு கேக்குதா?"

"நான் எதுக்கும்மா தட்டப் போறேன்" என்று ஏணியிலிருந்து இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டான். அவன் முகம் சரியில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

140/84.

மேல்தோலை அறுத்துத் திறந்தோம். முறத்தளவு இடத்தில் பால்சா கறுத்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. நடுவில், பூசி மறைத்த மக்குக்கு அடியில், துருப்பிடித்த இரும்பாணி ஒன்று. என் வரைபடத்தில் அந்த இடத்தில் ஆணி கிடையாது.

"இது என்னது?"

"ஆணிம்மா."

"ஆணின்னு எனக்குத் தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"திருஷ்டிக்கும்மா. எலுமிச்சம்பழம், மொளகா, படிகாரம் கட்டித் தொங்கவுடணும் இல்ல? அணியத்துல ஒரு ஆணி அடிக்காம எங்கப்பா ஒரு போட்டையும் தண்ணில எறக்கினது கெடையாது."

"உங்கப்பா கட்டினது மரப் படகு. மரம் ஆணியக் கவ்விக்கும். இதுல நீ அடிச்சது ஆணியில்ல, கொழாய்! முப்பது வருஷமா மழையும் கடலும் இதுவழியாத்தான் உள்ள எறங்கியிருக்கு."

"ஐயாவக் கேட்டுக்கினுதாம்மா அடிச்சேன். 'அக்காவுக்குத் தெரியாம அடிச்சிடு'ன்னாரு."

ஐயா என்றால் நல்லசிவம். கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாதவன். எங்கள் அம்மாவின் திவசத்துக்கு வராமல் பகுத்தறிவுக் கூட்டத்தில் பேசப் போனவன்.

"எத்தனை படகுல அடிச்ச?"

தேசிங்கு ஆற்றைப் பார்த்தான். ஆற்றில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"பத்தொம்பதுலயும்மா."

சாருமதி சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குள் ஓடிவிட்டாள். மற்றப் பதினெட்டுப் படகுக்காரர்களுக்கும் அவள்தான் தகவல் சொல்ல வேண்டும். இப்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. பால்சா சரி. நான் சரி.

ஜனவரி 13, திங்கள்

கெட்ட மரத்தைச் சுரண்டி, விளக்கு வைத்து உலர்த்தி, புதிய பால்சாவை எபாக்சிப் பசையில் பதித்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து மேலே இழை போட்டாயிற்று. இனி வார்க்கும் நாரைகளுக்கு வரைபடத்தில் ஒரு திருத்தமும் செய்தேன். அணியத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பால்சாவை நீக்கிவிட்டு முழுக்கவும் கண்ணாடி இழையாக நிரப்ப வேண்டும். பக்கத்தில் 'ஆணி அடிக்கும் இடம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தேசிங்கு அதை நெடுநேரம் பார்த்தான். "நீங்க இதெல்லாம் நம்ப மாட்டீங்களேம்மா?"

"ஆணிய நம்பல. நீ அடிப்பேங்கறத நம்புறேன்."

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சாருமதி முந்திரி போட மறந்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்கிறாள். 136/82.

ஜனவரி 20, திங்கள்

138/84.

கேப்டன் மச்சாடோ வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், உரத்த குரல். நாரைக்குள் இறங்கியதும் முதலில் தலையை இடித்துக்கொண்டார்.

"என்னம்மா, நின்னா தலை இடிக்குதே!"

"ஆறடி வரைக்கும் நிக்கலாம். மிச்ச ரெண்டு அங்குலம் நான் குடுத்ததில்ல."

சிரித்தார். சிரிக்கத் தெரிந்தவரிடம் படகு விற்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடியிலிருந்து தொடங்கினேன். படகின் வயிற்றுக்குக் கீழே மீன் செட்டை போலத் தொங்குவது கீல், முழுக்க ஈயம். காற்று பாயைத் தள்ளிச் சாய்க்கும்போது படகை நிமிர்த்துவது அதன் கனம். இன்னும் ஆழமாக வைத்திருந்தால் வேகம் கூடியிருக்கும், ஆனால் நம் முகத்துவாரத்து மணல்மேட்டில் தட்டும். சுக்கானுக்கு முன்னால் உடலோடு சேர்த்து ஓர் அணைப்பு வார்த்திருக்கிறேன். மிதக்கும் மரக்கட்டையோ அறுந்த வலையோ வந்தால் முதல் அடி அதற்குத்தான். சுக்கான் குழி சிறியது. பெரியதாக இருந்தால் விருந்து வைக்கலாம். அலை ஏறினால் அதுவே தொட்டியாகிவிடும். இதில் அலை ஏறினாலும் அடுத்த அலைக்குள் இரண்டு பெரிய துளைகள் வழியாக வடிந்துவிடும். எதிர் இருக்கையில் காலை உதைத்து உட்காரும்படி அகலத்தை வைத்திருக்கிறேன்.

உள்ளே இறங்கும் படிகளின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கேப்டன் காலால் தடவிப் பார்த்தார்.

"படகு சாய்ஞ்சா படியும் சாயும். அப்ப அந்த ஓரந்தான் படி" என்றேன்.

படிக்கு இடப்புறம் சமையல் மூலை. சமைப்பவரை மூன்று பக்கமும் அணைத்துக்கொள்ளும் அமைப்பு. பின்னால் ஓர் இடுப்புப் பட்டை. அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்குகிறது; படகு எப்படிச் சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். படுக்கைகள் ஒடுக்கமானவை, பக்கத்தில் துணித் தடுப்பு. அகலமான படுக்கையில் கடலில் உருளத்தான் முடியும், உறங்க முடியாது.

அதன்பின் அவர் கைப்பிடிகளைக் கவனித்தார். கூரையில், தூணில், கதவோரத்தில், மேசை விளிம்பில், படுக்கையின் தலைமாட்டில். கண்ணை மூடிக்கொண்டு படியிலிருந்து அணியம்வரை நடந்தார். ஒரு பிடியை விடுமுன் அடுத்த பிடி கையில் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"புரபசரம்மா, நான் எத்தனையோ நாட்டுப் படகுல ஏறியிருக்கேன். ஒண்ணுலயும் இப்படி இல்ல. காலம் பூரா கடல்லயே கெடந்தவங்கதான் இப்படி வரைய முடியும்."

"கணக்கு போட்டா வரும்" என்றேன்.

"சனிக்கிழம கொண்டுபோவோம். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு? சாருமதி வருவா. தேசிங்கு பாய் கட்டுவான்."

"எங்க வீட்டுல தாத்தா காலத்துலேருந்து ஒரு பழக்கம். தோணி கட்டுன மேஸ்திரி மொத ஓட்டத்துல ஏறணும். அவரு ஏறலன்னா நாங்க ஒரு ஆளும் ஏற மாட்டோம். தான் கட்டுனதுல தான் ஏறாதவன் கட்டுனத யாரு நம்புவா?"

"இது முப்பது வருஷத்துக்கு மேல ஓடின படகு. முதல் ஓட்டம் எங்க வந்தது?"

"எனக்கு இது மொத ஓட்டந்தானம்மா. நீங்க வரலன்னா நான் கயிறு அவுக்க மாட்டேன். ரயிலேறிருவேன்." விளையாட்டாகச் சொன்னவர் போலத் தெரியவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

158/94. கருவியில் ஏதோ கோளாறு.

படகு எத்தனை பாகை சாய்கிறது, நீர்க்கோடு எங்கே இருக்கிறது, பாய் எங்கே சுருங்குகிறது என்பதெல்லாம் வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும். நல்லசிவம் ஒவ்வொரு நாரையையும் ஓட்டிப் பார்த்தபோது நான் அலைதடுப்புச் சுவரில் தொலைநோக்கியோடு நின்றது அதனால்தான். வரைந்தவர் நிற்க வேண்டிய இடம் அதுவே. இதைக் கேப்டனிடம் தொலைபேசியில் விளக்கினேன்.

"சரிதாம்மா. தொலைநோக்கியப் பையில வச்சிக்கிட்டு படகுல வாங்க" என்றார்.

ஜனவரி 22, புதன்

160/96. கருவியை மாற்ற வேண்டும்.

முழங்கால் வலி என்று சாருமதியிடம் சொன்னேன்.

"எந்த முழங்கால் அத்தை?"

"ரெண்டும்."

"நேத்து ஏணியில ஏறி பாய்மரக் கம்பியெல்லாம் இழுத்துப் பாத்தீங்க. அப்ப வலிக்கலியா?"

அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சின்ன வயசுல நான் பாத்திருக்கேன். கொட்டகையில நாரையோட அறைய அப்படியே பிளைவுட்ல செஞ்சு, ஒரு பக்கம் ஜாக்கி குடுத்துச் சாய்ச்சு வச்சிருந்தீங்க. தெனமும் அதுக்குள்ள போயி டீ போடுவீங்க. கண்ணக் கட்டிக்கிட்டு நடப்பீங்க. எங்க கை போகுதோ அங்க சாக்பீஸால கோடு. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

"அது சோதனை முறை. வெளிநாட்டிலயும் உண்டு."

"வெளிநாட்டுல மூணு மாசமா டீ போடுவாங்க?" அவள் எழுந்தாள். "வர்றதும் வராததும் உங்க இஷ்டம். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அச்சு அறுக்கற ஆள நான் வரச் சொல்லணுமா வேணாமான்னு தெரியணும்."

நல்லசிவத்தின் மகள்தான். சந்தேகமே இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

உயிர்காப்புச் சட்டை சிறிய அளவிலும் கிடைக்கிறது. 164/98.

ஜனவரி 25, சனி

காலையில் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. அதற்கு மேல் ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏழரை மணிக்குப் படகுத்துறை. புடவையை விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தில் போட்ட பழைய கால்சட்டையை அணிந்துகொண்டேன். தேசிங்கு அணியத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தான். ஆணியில்லாமல், படகோரத்துக் கம்பி வேலியில் கயிற்றால். கேப்டன் என் உயிர்காப்புச் சட்டையின் பட்டையை இறுக்கிவிட்டார்.

"நீச்சல் தெரியும்லாம்மா?"

"ஆத்தங்கரையில முப்பது வருஷமா பட்டறை. கேக்கிற கேள்வியப் பாரு" என்றேன்.

ஏழே முக்காலுக்குக் கயிறு அவிழ்த்தார்கள்.

ஆறு வரைக்கும் ஒன்றுமில்லை. முகத்துவாரத்தைத் தாண்டியதும் கடல் படகுக்கு அடியில் புகுந்து தூக்கியது. தூக்கிவிட்டு, கீழே விட்டது. இதை ஒரு சமன்பாடாக எழுதத் தெரியும் எனக்கு. அந்தச் சமன்பாட்டில் வயிறு என்று ஓர் உறுப்பு இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினார்கள். தேசிங்கு பெரிய பாயை ஏற்றினான். வாடைக் காற்று பாயில் மோதியது, நாரை சாய்ந்தது. என் எதிரில் இருந்த வானம் போய்த் தண்ணீர் வந்தது. என் கால் தானாகவே நீண்டு எதிர் இருக்கையை உதைத்தது. இருக்கை இருக்க வேண்டிய தூரத்தில் இருந்தது.

"இருபது பாகை!" என்று கத்தினார் கேப்டன். சந்தோஷமாகக் கத்தினார். "கையே வைக்க வேண்டாம், தானாப் போகுது பாருங்க! கோடு போட்டாப்ல போகுது!"

நான் பார்த்தேன். சுக்கான் தண்டிலிருந்து அவர் கையை எடுத்திருந்தார். நாரை நேராகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து பாகைக்கு மேல் சாயாமல் கீல் பிடித்து நிறுத்தும் என்று கணக்கில் போட்டிருந்தேன். பலமாகக் காற்று வந்த ஒருமுறை இருபத்து மூன்றில் நின்றது. ஓர் அலை ஏறிக் குழியை நிரப்பி, அடுத்த அலை வருமுன் வடிந்து போனது. எல்லாம் சரியாக இருந்தது. காற்று போகும் பக்கத்து வேலியில் சாய்ந்து, காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியையும் கடலுக்குக் கொடுத்தேன். வேலியின் உயரமும் சரியாக இருந்தது.

"அத்தை, கீழ போயி படுங்க" என்றாள் சாருமதி. அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"டீ போடப் போறேன்" என்றேன்.

படியின் வளைந்த ஓரத்தில் கால் வைத்து இறங்கினேன். கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை, மூடிக்கொண்டேன். கை நீண்டது, பிடி இருந்தது. அதை விடுமுன் அடுத்த கை நீண்டது, அங்கும் இருந்தது. இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தால், உலகம் முழுவதும் சரிந்து கிடக்க, ஊஞ்சல் அடுப்பில் பாத்திரம் மட்டும் நேராக நின்றது. நான்கு பேருக்குத் தேநீர் போட்டேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சர்க்கரை போட மறந்துவிட்டேன். எல்லோரும் அப்படியே குடித்து முடித்தார்கள்.

பத்து மணிக்குத் துறையில் கட்டினோம். கேப்டன் நாரையின் பக்கவாட்டைக் கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"மூணு படகும் உறுதி" என்றார். சாருமதி காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் என் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்துச் சுவத்துல உங்களப் பத்தி ஒரு பலகை வைக்கணும்மா. வரைஞ்சவங்க பேரு, படிப்பு, கடல் அனுபவம். எத்தன வருஷம்னு போடட்டும்? நாப்பதுன்னு போட்டுருதேன்."

நல்லசிவம் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பான். இவ்வளவு காலமும் என் கடல் அனுபவத்தைக் கேட்டவர்களிடம் எனக்காக அவன்தான் தலையாட்டினான். பேனா அவர் கையில் இருந்தது. சாருமதி காகிதத்தை நீட்டியபடியே நின்றாள்.

"தப்பாப் போட வேண்டாம்" என்றேன். "ஏழே முக்காலுக்குக் கயிறு அவுத்தோம். இப்ப பத்து. ரெண்டேகால் மணி நேரம்னு போடுங்க."

சிரிக்கத் தொடங்கிய கேப்டன் பாதியில் நிறுத்தினார். "என்னம்மா சொல்லுதிய?"

"கடலுக்கு நான் போனது இன்னைக்குத்தான். எனக்குப் பயம். காரணமெல்லாம் தேடாதீங்க, சின்ன வயசுல யாரும் முழுகல, யாரும் பயமுறுத்தல. பாத்தாலே பயம், அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் கைப்பிடியெல்லாம்?"

"கடலப் பாத்துப் பயப்படாதவன் வரைஞ்சா கைப்பிடிய அழகுக்கு வப்பான். நான் ஒவ்வொரு அடிக்கும் விழுந்துடுவேன்னு நெனச்சு வச்சேன்."

தேசிங்கு எலுமிச்சம்பழத்தை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முப்பது வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ கூட்டாளியைப் பார்ப்பது போல.

கேப்டன் துறையில் நின்றபடியே குனிந்து, படிக்கு மேலிருந்த கைப்பிடியை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "எங்கிட்டப் படிக்க வாற புள்ளைகளும் பயந்துட்டுத்தாம்மா வரும்" என்றார். சாருமதியின் முதுகையே மேசையாக வைத்து, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அச்சை அறுக்கும் ஆளுக்கு இனி வேறு வேலை தேட வேண்டும். பலகையில் 'இரண்டேகால் மணி நேரம்' என்றே எழுதப்போவதாகக் கேப்டன் சொல்லியிருக்கிறார். அடுத்த நாரை இறங்கும்போதும் நான் ஏற வேண்டும் என்கிறார். ஏறுவேன், இட்லி சாப்பிடாமல். வீட்டுக்கு வந்து அளந்தேன். 132/80. கருவி சரியாகிவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சாருமதி நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு நீச்சல் தெரியாது.